பதினொரு துப்பாக்கி மரியாதை

செஞ்சி தாலுகாவில் துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குத் துப்பாக்கியைத் தொடுகிற யோக்கியதை கிடையாது என்பது ரங்கநாதனின் தீர்மானம். மீதிப் பாதிப் பேர் கையில் ஊன்றுகோலைக்கூட நம்பிக் கொடுக்க முடியாது என்பான். இதை அவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வான். அவர்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். நாட்டுத் துப்பாக்கியைப் பழுது பார்க்க லைசென்ஸ் உள்ள ஆள் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருவன்தான்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒற்றைக் கதவுக் கடை. கடைக்குப் பின்கட்டில் வீடு. அவனிடம் வருபவை எல்லாம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லையில் பன்றி விரட்டுவதற்காக சர்க்கார் அனுமதித்த துப்பாக்கிகள். குழாயின் வாய்வழியாக மருந்தைக் கொட்டி, துணியை அடைத்து, ஈய ரவையைப் போட்டு, நீளக் கம்பியால் கெட்டிக்க வேண்டும். குழாயின் அடிப்பக்கத்தில் நிப்பிள் என்று சுண்டுவிரல் நுனியளவு ஓர் இரும்பு மூக்கு இருக்கும். அதன் தலையில் செம்புக் கேப்பைச் செருகி விசையை இழுத்தால் குதிரை என்கிற சுத்தியல் வந்து அடிக்கும். கேப்பு வெடித்து, நெருப்பு அந்த மூக்கின் ஓட்டை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும். இவ்வளவுதான் சங்கதி. இந்த இவ்வளவையும் ஒருத்தனாலும் ஒழுங்காக வைத்துக்கொள்ள முடியவில்லை.

ஒருவன் துப்பாக்கியை அடுப்புக்கு மேலே செருகி வைத்து நிப்பிள் ஓட்டையைக் கரியால் அடைத்துக்கொண்டு வருவான். ஒருவன் கேப்பு தீர்ந்துவிட்டதென்று தீக்குச்சி மருந்தைச் சுரண்டி வைத்திருப்பான். குதிரையின் வில் தளர்ந்தால் சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிவிட்டு அதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி காட்டுவான் இன்னொருவன்.

"பன்னி எதிர்லயே நின்னுக்கினு இருந்துச்சி. வெடிக்கவே இல்லப்பா" என்று சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

"பன்னிக்கு உன்ன விட அறிவு இருக்குது. வெடிக்காதுன்னு தெரிஞ்சிதான் நின்னுக்கினு இருந்துச்சி" என்பான் ரங்கநாதன்.

கடையில் அவன் மதித்த பொருள் ஒன்றே ஒன்று, உதிரி சாமான் பெட்டி. நாற்பது சின்னச் சின்ன அறைகள். நாட்டுத் துப்பாக்கியில் ஒன்றின் மரை இன்னொன்றுக்குச் சேராது. எந்தக் கொல்லன் எந்த அளவில் வெட்டினானோ அதுதான் அளவு. ஆகவே கைக்கு வந்த ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு நிப்பிளைக் கூடுதலாகக் கடைந்து, நூலில் அட்டை கட்டி, பெயரும் ஊரும் எழுதி வைத்திருப்பான். "ரெண்டு வாங்கி வச்சிக்கய்யா. ஒண்ணு போனா ஒண்ணு இருக்கும்" என்பான். "இருக்கறது போதும்" என்று போய்விடுவார்கள். ஊர்க்காரர்களின் அலட்சியம் முழுவதும் அந்தப் பெட்டியில் பெயர் வாரியாகத் தூங்கியது.

பனமலை நாகம்மாள் மட்டும் விதிவிலக்கு. புருஷன் இறந்த பிறகு லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவள். சுருக்குப்பையில் வெற்றிலையோடு இரண்டு நிப்பிளும் ஒரு வில்லும் எப்போதும் வைத்திருப்பாள். அவளைத் திட்ட ரங்கநாதனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட உண்டு.

"ஊர்ல எல்லாரும் முட்டாளு, நீங்க ஒருத்தர்தான் அறிவாளி" என்பாள் அவன் மனைவி ரஞ்சிதம். "அதான் ஒருத்தனும் நம்மள கல்யாணம் காட்சிக்கு கூப்புட மாட்டேன்றான்."

"கூப்புட்டா மட்டும் இன்னா? அங்கயும் இவனுங்க மூஞ்சிதான்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம் ஐப்பசியில் சீனாக்காரன் வடக்கே மலையிறங்கி வந்தான். தெற்கே செஞ்சியில் தனசேகரன் முதலாளி மீசையை முறுக்கிக்கொண்டார்.

அவருக்கு பஜாரில் எண்ணெய் ஆலை. மாமனார் வழியில் வந்த ஓர் இங்கிலீஷ் துப்பாக்கியும் இருந்தது. அடிக்கட்டையில் வெள்ளிப் பூ பதித்தது. வாய்வழியாகக் கெட்டிக்கிறதுதான் என்றாலும் தாலுகாவில் அதைவிட அழகான துப்பாக்கி இல்லை. பன்றி நுழைகிற மாதிரி அவருக்கு ஒரு கொல்லையும் கிடையாது. எண்ணெய் ஆலைக்குப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் எப்படிக் கிடைத்தது என்று யாரும் கேட்டதில்லை. அவர் செஞ்சித் துப்பாக்கிக்காரர்களை எல்லாம் கூட்டி ஒரு தற்காப்புப் படை அமைத்தார். சுற்றுவட்டாரத்தில் முப்பது பேருக்கு மேல் இருந்தும் அவரையும் சேர்த்துத் தேறியது பதினொரு பேர். ஒன்பது பேரை அவர் கூப்பிட்டார். பதினொன்றாவதாக நாகம்மாள் தானே வந்து நின்றாள். பொம்பளையை எப்படிச் சேர்ப்பது என்று முதலாளி யோசித்தார். பத்தைவிடப் பதினொன்று பெரிது என்பதால் வரிசையின் கடைசியில் நிற்கச் சொன்னார்.

ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் யுத்த நிதி வாங்க வருகிறார், கோட்டை அடிவாரத்து மைதானத்தில் பதினொரு துப்பாக்கி மரியாதை என்று முடிவானது. விழாவுக்கு நாலு நாள் முன்னால் சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் செய்தி வந்தது.

"நாம தயாரா இருக்கறது தெரிஞ்சிதான் நின்னுட்டான்" என்றார் தனசேகரன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

விழாவுக்குப் பத்து நாள் முன்பே அவர் தம் துப்பாக்கியை ரங்கநாதனிடம் கொண்டுவந்திருந்தார். கூடவே நாலு பேர், வேடிக்கை பார்க்க.

"மூணு தடவ கேப்பு போட்டேன். டப்புன்னுது, அவ்ளோதான். இன்னா ஏதுன்னு பாரு" என்றார்.

ரங்கநாதன் கம்பியில் துணியைச் சுற்றிக் குழாய்க்குள் விட்டு இழுத்தான். துணி சொட்டச் சொட்ட வெளியே வந்தது. முகர்ந்து பார்த்தான்.

"இன்னா மொதலாளி ஊத்தனீங்க?"

"துரு புடிக்காம இருக்கட்டும்னு நம்ம ஆலை எண்ணெதான். மொதல் தரம்."

"மல்லாட்டை எண்ணெ." ரங்கநாதன் துணியை நாலு பேருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தான். "இது துப்பாக்கியா, வடைச்சட்டியா? மருந்து மொத்தமும் எண்ணெல ஊறிக் கெடக்குது. வெங்காயம் அரிஞ்சி போட்டிருந்தா பலகாரமாவது ஆயிருக்கும்."

கூட வந்த நாலு பேரும் சிரித்தார்கள். முதலாளி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். ஆனால் சிரித்தது சிரித்ததுதான்.

ரங்கநாதன் குழாயைச் சுத்தம் செய்தான். நிப்பிளைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தான். அரித்துப்போய், தலை நசுங்கி, ஓட்டை சாய்ந்திருந்தது. பெட்டியைத் திறந்து முதலாளி பெயர் எழுதிய அட்டையோடு புது நிப்பிளை எடுத்தான். "இத மாத்தாம வெடிச்சா கழுத ஓட்டம்தான். எப்ப வெடிக்கும், எப்ப வெடிக்காதுன்னு சொல்ல முடியாது. கண்ணு போட்டுப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு இது தெரியும். எண்ணெ அளக்கறவனுக்குத் தெரியாது."

"வாணாம்" என்றார் தனசேகரன். முகம் கறுத்திருந்தது. "எங்க ஆலைல பிட்டர் இருக்கறான். எஞ்சினயே பிரிச்சி மாட்டறவன். உன் பிச்சக்காசு சாமான் எனக்கு வாணாம்." பழைய நிப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு துப்பாக்கியோடு போய்விட்டார்.

அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது ரங்கநாதன் அதை மூன்று முறை சொல்லிச் சிரித்தான். வடைச்சட்டி என்று சொல்லும்போதெல்லாம் சோற்றைக் கீழே வைத்தான். ரஞ்சிதம் சிரிக்கவில்லை.

விழா நாள் காலையில் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து, ஏதாவது துப்பாக்கி மக்கர் செய்தால் பார்த்துக்கொள்ள ரங்கநாதன் மைதானத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். முந்தின இரண்டு நாளும் மழை. தரை சதசதவென்று இருந்தது. பத்துப் பேர் வரிசையாகத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். நாலில் ஈர மருந்து. கொட்டச் சொல்லி, காய்ந்த மருந்து போடவைத்தான். இரண்டில் ஓட்டை அடைப்பு. ஊசியால் குத்தி எடுத்தான். ஒன்றில் ஏற்கெனவே ஒரு மருந்து உள்ளே இருக்க, அதன்மேலேயே இன்னொன்றைக் கெட்டித்திருந்தான் அந்தப் புத்திசாலி. கம்பியை உள்ளே விட்டு வெளியே நின்ற நீளத்தைப் பார்த்ததும் ரங்கநாதனுக்குத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் வெளியே எடுக்க அரைமணி ஆனது. அந்த அரைமணியும் அவனைத் திட்டினான். நாகம்மாளின் துப்பாக்கியைக் குழாயில் ஒரு தரம் ஊதிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"வெறும் மருந்தும் துணியும்தான். ரவ போடக் கூடாது" என்று எல்லாரிடமும் சொன்னான்.

பதினொன்றாவது துப்பாக்கி தனசேகரன் தோளில் இருந்தது. காக்கிச் சட்டை புதிதாகத் தைத்துப் போட்டிருந்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, "இது இங்கிலீஷ் துப்பாக்கி. இதுல உன் கை படவேணாம்" என்றார்.

கை படவில்லை. கண் பட்டது. குதிரைக்கு அடியில் நிப்பிள் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரு போல்ட் துண்டு. தலையை அரத்தால் ராவிக் கூம்பாக்கி, நடுவில் கோணலாக ஓட்டை போட்டிருந்தான் ஆலை பிட்டர். மரை பாதிதான் இறங்கியிருந்தது. இடைவெளியில் நூல் சுற்றியிருந்தது. ரங்கநாதன் அதைப் பார்த்தான். அது வெடிக்காது என்று நினைத்தான். பெரிய அதிகாரிக்கு முன்னால் பத்துத் துப்பாக்கி முழங்க, முதலாளியின் வெள்ளிப் பூ போட்ட துப்பாக்கி டப்பென்று ஒரு சத்தத்தோடு ஊமையாக நிற்கப்போவதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான். ரொம்ப நன்றாக இருந்தது. வாயை மூடிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து அவசரமாகக் காப்பி குடித்துவிட்டு, "ரஞ்சிதம், நீயும் வா. வேடிக்க இருக்குது" என்றான். என்ன வேடிக்கை என்பதையும் சொன்னான்.

பத்தரை மணிக்கு அதிகாரியின் ஜீப் வந்தது. பந்தல் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். மேடைக்கு இடதுபக்கம் பாட்டுப் பாட இருபது பள்ளிக்கூடப் பெண் பிள்ளைகள் ரிப்பன் கட்டி நின்றார்கள். பதினொரு பேரும் கோட்டை மலையைப் பார்த்து வரிசையாக நின்று துப்பாக்கியை உயரே பிடித்தார்கள். தனசேகரன்தான் வரிசையின் தலைமாட்டில் இருந்தார். பிள்ளைகளுக்கு மிகப் பக்கம். "சுடு!" என்று அவரே கத்தினார்.

நாகம்மாளின் துப்பாக்கி முதலில் முழங்கியது. பின்னாலேயே மற்றவை தடதடவென்று. மலையில் மோதிச் சத்தம் திரும்பி வந்தது. முதலாளியின் துப்பாக்கியில் கேப்பு மட்டும் டப்பென்றது.

ரங்கநாதன் எதிர்பார்த்த நிமிஷம் இதுதான். அவன் சிரிக்க வாயெடுத்தான். அப்போதுதான் குதிரைக்கு அடியிலிருந்து நூல்போலப் புகை கிளம்புவதைப் பார்த்தான். கேப்பின் நெருப்பு அணையவில்லை. அந்தக் கோணல் ஓட்டைக்குள் மெதுவாகக் கனன்றுகொண்டு உள்ளே போகிறது. இரண்டு நொடியோ பத்து நொடியோ, மருந்தைத் தொட்டதும் வெடித்தே தீரும். தெரிந்தவன் அந்த நேரத்தில் குழாயை ஆள் இல்லாத பக்கம் நீட்டிக்கொண்டு ஆடாமல் நிற்பான். தனசேகரன் துப்பாக்கியை இறக்கி இடுப்போடு வைத்துக்கொண்டார். "இன்னா ஆச்சு இதுக்கு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டபடி திரும்பினார். அவரோடு குழாயும் திரும்பியது. மலை, மேடை, அதிகாரி, கடைசியாக ரிப்பன் கட்டிய பிள்ளைகள்.

ரங்கநாதன் ஓடினான். இடது கையால் குழாயை மேலே தள்ளி, வலது கையால் குதிரைப் பக்கம் பிடித்துப் பிடுங்கப் பார்த்தான். அந்த இழுபறியில் வெடித்தது.

பந்தலின் ஓரம் கிழிந்து தொங்கியது. கம்பத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழல் சல்லடையாகக் கீழே விழுந்தது. ரவை போடாவிட்டால் சத்தம் எடுப்பாக இருக்காது என்று முதலாளி ஒரு கைப்பிடி போட்டிருந்தார். பிள்ளைகள் அலறினார்கள், ஒருத்திக்கும் ஒன்றும் ஆகவில்லை. போல்ட் துண்டு பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்து ரங்கநாதனின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கியிருந்தது. அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். பதினொன்றாவது குண்டு தனியாக வெடிப்பதுதான் முறை என்று நினைத்துக்கொண்டு கூட்டமும் தட்டியது. அதிகாரியும் தட்டினார். தனசேகரன் காலைச் சேர்த்து நின்று விறைப்பாக சல்யூட் வைத்தார். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தவர்கள் இரண்டே பேர், ரஞ்சிதமும் நாகம்மாளும். நாகம்மாள் தன் முந்தானையைக் கிழித்துக் கையைக் கட்டினாள்.

ஆஸ்பத்திரியில் போல்ட்டை எடுத்து ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டுக் கொடுத்தார்கள். ஆள்காட்டி விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொன்னார். அவர் போனதும் ரஞ்சிதம் கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றாள்.

"வேடிக்க பாத்தாச்சா?" என்றாள்.

அவன் சீசாவுக்குள் கிடந்த போல்ட்டைப் பார்த்தான்.

"அந்தாளு முட்டாளு. அவருக்குத் தெரியாது, போட்டுக்கினு வந்துட்டாரு. நீங்க பாத்தீங்க இல்ல? தெரியுமில்ல? தெரிஞ்சிக்கினே காப்பி குடிச்சிட்டு என்னயும் கூப்புட்டுக்கினு போனீங்க. அந்தப் பொண்ணுங்கள்ல ஒண்ணு போயிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க? அப்பவும் வடைச்சட்டின்னு சிரிச்சிருப்பீங்களா?"

ரங்கநாதன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். கையைவிட அவள் கேட்டதுதான் அதிகம் வலித்தது. ஊரில் இத்தனை வருஷமாக அவன் யாரைப் பற்றியெல்லாம் கேவலமாகப் பேசினானோ, அவர்களில் ஒருத்தன்கூட தெரிந்தே ஒரு துப்பாக்கியை அப்படிக் கூட்டத்துக்குள் விட்டிருக்க மாட்டான். அவர்கள் செய்ததெல்லாம் அறியாமையில் செய்தது. அவன் செய்தது அப்படியல்ல.

வெளியில் கதை வேறு மாதிரி போய்க்கொண்டிருந்தது. பொறாமை பிடித்த ரங்கநாதன் துப்பாக்கியைத் தட்டிவிட்டான், நிப்பிளும் அவன் செய்து கொடுத்ததுதான் என்று தனசேகரன் பஜாரெல்லாம் சொன்னார். போலீசிலும் சொன்னார். நாலாம் நாள் சப்-இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார்.

ரஞ்சிதம் சீசாவையும் உதிரிப் பெட்டியையும் கொண்டுவந்து வைத்தாள். முதலாளி பெயர் எழுதிய அட்டையோடு அசல் நிப்பிள் அதன் அறையிலேயே இருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் கொண்டுவந்த வெள்ளிப் பூத் துப்பாக்கியில் அதை வைத்து ரஞ்சிதம் விரலாலேயே திருக, அடிவரை வழுவழுவென்று இறங்கியது. போல்ட் துண்டு இரண்டு சுற்றுக்கு மேல் போகவில்லை. அதன் ஒரு பக்கத்தில் ஆறுமூலைத் தலையின் மிச்சம் அப்படியே தெரிந்தது.

"இது ஆலை சாமான்தான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "உம்பேர்ல தப்பு இல்ல. அவரு பெரிய மனுஷன், நானும் பெருசு பண்ணப்போறதில்ல. தற்செயலா நடந்துச்சின்னு முடிச்சிடறேன்."

"எம்பேர்லயும் இருக்குது சார்" என்றான் ரங்கநாதன்.

"இன்னா?"

"காலைலயே பாத்துட்டேன். நிப்பிள் இல்ல, போல்ட்டுன்னு தெரியும். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"வெடிக்காது, ஊரே சிரிக்கும்னு நெனச்சேன்."

சப்-இன்ஸ்பெக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையை ரங்கநாதனுக்கு நன்றாகத் தெரியும். அவனே ஆயிரம் தடவை மற்றவர்களைப் பார்த்த பார்வைதான். "இதெல்லாம் எழுத முடியாதுய்யா" என்று நோட்டை மூடினார். நிப்பிளைக் கழற்றிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடமே ஒப்படைத்தார்.

கை தேறப் பதினைந்து நாள் ஆனது. கடையைத் திறந்த அன்றைக்கே வரிசையாக ஆட்கள் வந்தார்கள். நிப்பிள் தெறித்து வந்து கையில் பாய்ந்தது ஊருக்கே தெரிந்துவிட்டதால் ஒவ்வொருவனுக்கும் திடீரென்று உதிரிமேல் ஆசை வந்திருந்தது. ரங்கநாதன் இடது கையால் வேலை செய்தான். ரஞ்சிதம் குழாயைப் பிடித்துக்கொண்டாள், திருகுவதும் அவள்தான். பெட்டியில் பாதி காலியானது. ஆனால் ஓர் ஆள் வரவில்லை.

"அந்தத் துப்பாக்கில இப்ப வெறும் பொந்துதான் இருக்குது" என்றான் அவன். "இன்னொரு போல்ட்ட செருகுவான்."

"செருகட்டும்னு விடுவீங்களா?"

அவன் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டான். ரஞ்சிதம் உதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள்.

ஆலையில் தனசேகரன், மூட்டை வாங்க வந்த வெளியூர் வியாபாரி ஒருவரிடம் மரியாதைக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. "கடைசி வெடி நம்மளுது. அதிகாரி எழுந்து நின்னு கைதட்டினாரு" என்றார். பிறகு, "இன்னா வேணும்?" என்று கேட்டார்.

"நிப்பிள் மாட்ட வந்தோம்" என்றாள் ரஞ்சிதம்.

"நான் கேக்கலியே."

"கேக்க வாணாம். துப்பாக்கிய எடுத்துக்கினு வரச் சொல்லுங்க" என்றான் ரங்கநாதன். "இல்லன்னா நான் இங்கயே உக்காந்து போல்ட்டு கதைய இவருக்குச் சொல்லுவேன்."

துப்பாக்கி வந்தது. ரஞ்சிதம் முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கம்பியைக் குழாய்க்குள் விட்டு மருந்து இல்லை என்று உறுதி செய்துகொண்டான். பொந்தைத் துடைத்தான். எண்ணெய் வாசனை வந்தது, மறுபடியும் ஊற்றியிருந்தார். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு இரண்டு முறை வெந்நீர் கேட்டு வாங்கிக் குழாயைக் கழுவினான். ரஞ்சிதம் நிப்பிளைத் திருகி இறக்கியதும், வெறும் கேப்பு ஒன்றைப் போட்டு அடித்துக் காட்டினான். குழாயின் வாய்க்கு நேரே வைத்த உமி பறந்தது.

"இனிமே வெடிக்கும்" என்றான். "ஒருவேள வெடிக்கலன்னா குழாய வானத்தப் பாத்துப் புடிச்சிக்கினு அறுவது வரைக்கும் எண்ணுங்க. அதுக்கு முன்னாடி அசையாதீங்க." எழுந்தவன் நின்றான். "எண்ணத் தெரியுமில்ல மொதலாளி?"

வியாபாரி சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார். தனசேகரன் நிப்பிளுக்கு என்ன விலை என்றுகூடக் கேட்கவில்லை.

தெருவுக்கு வந்ததும், "கடைசி வார்த்த தேவையா?" என்றாள் ரஞ்சிதம்.

"தேவ இல்லதான்."

"அப்பறம் ஏன் சொன்னீங்க?"

"நிஜமாவே சந்தேகம்" என்றான் ரங்கநாதன்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீயமங்கலம் போகிற பஸ் எஞ்சினை உறுமிக்கொண்டு நின்றது. அங்கே ஒரு துப்பாக்கி குதிரை வில் போய்க் கிடப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் ஏறினாள். அவன் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினான்.